தை மாதத்துக்குள் எடை குறைக்கும் ஆபரேஷன்: தம்பிக்குச் செய்யலாமா?

2025 ஜூன் 14

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டது:

"என் தம்பிக்கு 27 வயது. 131 கிலோ, 172 செ.மீ. உயரம். சுகர் இல்லை, பிரஷர் கொஞ்சம் இருக்கிறது. இரண்டு இடத்தில் பெண் பார்த்தோம், பையன் ரொம்பக் குண்டு என்று திருப்பிவிட்டார்கள். தைக்குள் ஆபரேஷன் செய்து முடித்துவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள். உயிருக்கு ஆபத்து என்று அப்பா பயப்படுகிறார். செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். நல்லதா, கெட்டதா?"

ஜூன் 14, இரவு

நான் செய்துகொண்டவள். 2019 நவம்பரில், மதுரையில், ஸ்லீவ் ஆபரேஷன், அதாவது இரைப்பையை வெட்டிச் சின்னதாக்குவது. பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர், இப்போது 46 வயது. நாளை விரிவாக எழுதுகிறேன், இப்போதைக்கு இரண்டு விஷயம் மட்டும்.

ஒன்று, தை. நாளைக்கே ஆபரேஷன் செய்தாலும் எடை இறங்கி ஒரு நிலைக்கு வர ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். தை மாதம் உங்கள் தம்பி முடி கொட்டி, முகம் ஒட்டி, ஒரு இட்லியைக் கால் மணி நேரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அந்தக் கோலத்தில் பெண் வீட்டார் முன்னால் உட்கார வைக்காதீர்கள்.

இரண்டு, உங்கள் கேள்வியில் அம்மா இருக்கிறாள், அப்பா இருக்கிறார், பெண் வீட்டார் இருக்கிறார்கள். தம்பி என்ன சொல்கிறான் என்று ஒரு வரி கூட இல்லையே தங்கச்சி.

ஜூன் 15

சரி, என் கதை.

ஆபரேஷனுக்கு முன் 118 கிலோ, உயரம் 158. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 47. 36 வயதிலேயே சுகர் வந்துவிட்டது, இரண்டு மாத்திரை போட்டும் சுகரின் மூன்று மாத சராசரி (ஹெச்பிஏ1சி) 9க்குக் கீழே வரவில்லை. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாடியில். முதல் மணி அடித்து நான் மேலே போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் வருகைப் பதிவேட்டை எடுத்து மேசையில் விரித்து வைத்துவிட்டு, டீச்சர் மூச்சு வாங்கட்டும் என்று அமைதியாக இருப்பார்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆனால் என்னை ஆபரேஷனுக்குத் தள்ளியது மாடிப்படியோ சுகரோ இல்லை, தூக்கம். ஒரு நாள் சாயங்காலம் ஸ்கூட்டரில் ஈரடுக்குப் பாலத்தில் வந்துகொண்டிருக்கிறேன், கண் திறந்துதான் இருக்கிறது, ஆனால் இறக்கம் வந்தது எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன்தான் என்னை எழுப்பியது. தூக்கப் பரிசோதனை எடுத்தபோது மணிக்கு நாற்பது தடவைக்கு மேல் மூச்சு நிற்கிறது என்று வந்தது. மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்க, மூச்சு நிற்காமல் காற்றைத் தள்ளும் சிபாப் இயந்திரம் வாங்கினோம்.

அதற்கு முன் முயற்சி செய்யாமல் இல்லை. வ.உ.சி. மைதானத்தில் விடியக்காலை நடை, சாயங்காலம் நடை, சிறுதானியம், ராத்திரிக்கு வெறும் கொய்யாப்பழம். ஒரு தடவை 11 கிலோ குறைத்தேன், ஒரு வருடத்தில் 15 கிலோ ஏறியது. இப்படி மூன்று தடவை. வாயைக் கட்டத் தெரியவில்லை என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: எடை இறங்கினால் உடம்பு பசியைக் கூட்டும், சக்திச் செலவைக் குறைக்கும். ஒவ்வொரு தடவையும் அது என்னை இழுத்துக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில்தான் விட்டது. ஸ்லீவில் இரைப்பையின் வெளிப்பக்கம் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், மிச்சம் வாழைக்காய் மாதிரி ஒரு குழாய்தான். வெட்டிப்போன பாகத்தில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்கிற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது, அது சரிந்துவிடும். ஆபரேஷன் முடிந்த முதல் மாதம் எனக்குப் பசி என்ற ஒன்றே இல்லை. பதினைந்து வயதுக்குப் பிறகு முதல் தடவையாகச் சாப்பாட்டை நினைக்காமல் ஒரு பகல் போனது.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் கலோரி குறைந்த நீராகாரம். கொழுப்பு ஏறிய கல்லீரல் சுருங்கினால்தான் அவர்களுக்கு உள்ளே இடம் கிடைக்கும். வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டை. அன்று சாயங்காலமே வராந்தாவில் நடக்க வைத்தார்கள். மூன்று ராத்திரி ஆஸ்பத்திரி.

வீட்டுக்கு வந்த பிறகு இருமல் மருந்து பாட்டிலின் மூடிதான் என் டம்ளர். அதில் முப்பது மில்லி பிடிக்கும். வடிகட்டிய ரசம், தண்ணி மோர், இளநீர் என்று எதையும் அந்த மூடியில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகக் கால் மணி நேரம் குடிக்க வேண்டும். எங்கள் அம்மா எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, பெத்த பிள்ளைக்குச் சங்கில பாலு புகட்டுற மாதிரில்லா இருக்கு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

2021 மார்ச்சில் 78 கிலோ, அதுதான் ஆகக் குறைவு. ஆபரேஷன் முடிந்து எட்டாம் மாதமே மறுபடி தூக்கப் பரிசோதனை எடுத்துப் பார்த்து இயந்திரத்தைக் கட்டிப் பரணில் வைத்தாயிற்று. சுகர் மாத்திரை நின்றது. இன்று 86 கிலோ.

ஜூன் 15, மாலை

மேலே எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். சுகர் மாத்திரை நின்றது என்றால் ஒரேயடியாகப் போய்விட்டது என்று படிக்கிறவர்கள் நினைப்பார்கள். நாலு வருடம் நின்றது. 2024 ஜனவரியில் மெட்ஃபார்மின் ஒன்று திரும்ப வந்தது. எனக்கு மட்டும் நடக்கிறது இல்லை இது. சுவீடனில் 1987ல் ஆரம்பித்து வருடக்கணக்காகப் பார்த்துவந்த பெரிய ஆய்வில், ஆபரேஷன் செய்த சுகர்காரர்களில் இரண்டாம் வருடம் 72 சதவீதம் பேருக்குச் சுகர் அடங்கியிருந்தது, பத்தாம் வருடம் 36 சதவீதம் பேருக்குத்தான். அடங்கியிருந்த வருடங்களில் கண்ணும் சிறுநீரகமும் பிழைத்ததே, அது பெரிய லாபம். ஆனால் குணமாகிவிட்டது என்ற வார்த்தையை இனி நான் சொல்ல மாட்டேன்.

ஜூன் 22

அப்பாவின் பயத்தைப் பற்றி. நியாயமான பயம்தான். 2024 ஏப்ரலில் சென்னைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இந்த ஆபரேஷனுக்குப் படுத்த இளைஞர் ஒருவர் இறந்துபோன செய்தியை எல்லாரும் படித்தோம். உங்கள் தம்பி வயதுதான். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, இதற்கா உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன் என்று.

கணக்கு டீச்சர் என்பதால் எண்ணாகவே சொல்லிவிடுகிறேன். பழகிய கைகள் செய்கிற இடத்தில் முதல் மாதத்துக்குள் உயிர் போவது ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு. ஸ்லீவில் தையல் கசிவது நூற்றுக்கு ஒன்று, இரண்டு. தையல் என்றால் ஊசி நூல் இல்லை, நீளமாக ஸ்டேப்ளர் பின் அடித்த வரிசை. குழாய் குறுகல், உள்ளே அழுத்தம் அதிகம், அதனால் பெரும்பாலும் உணவுக்குழாயை ஒட்டிய மேல் முனையில்தான் கசியும். வயிற்றில் சீழ் பிடித்தால் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி, மறு ஆபரேஷன், ஐசியு. அப்புறம் காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்கு ஏறுவது. அன்று சாயங்காலமே நடக்க வைத்தது இதற்காகத்தான்.

தென்காசிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கசிவு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தெரிந்துவிடும் என்று இல்லை, வீட்டுக்கு வந்து ஏழாம் நாள், பத்தாம் நாள் கூடக் காட்டும். காய்ச்சல், வயிற்று வலி, இடது தோள் வலி, எல்லாவற்றுக்கும் முன்னால் நாடி ஓட்டம். சும்மா படுத்திருக்கும்போதே நாடி 120 என்றால் கஷாயம் வைத்துக்கொண்டு விடியட்டும் என்று உட்காரக்கூடாது. மதுரையில் ஆபரேஷன் செய்துவிட்டுத் தென்காசிக்கு வந்து படுத்துக்கொண்டால் ராத்திரி வண்டி பிடித்துப் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல். நான் பன்னிரண்டு நாள் மதுரையில் சித்தி வீட்டிலேயே இருந்தேன். இரண்டு வேளை என் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தது சித்தப்பாதான்.

இதெல்லாம் தராசின் ஒரு தட்டு. செய்யாமல் இருப்பதற்கும் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை அப்பா அடுத்த தட்டில் வைக்கவே இல்லை. அதே சுவீடன் ஆய்வில், சராசரி பதினோரு வருடத்தில் ஆபரேஷன் செய்த 2,010 பேரில் 101 பேர் இறந்தார்கள், செய்யாத 2,037 பேரில் 129 பேர்.

ஜூன் 23

நேற்று ராத்திரி எழுதியதைக் காலையில் படித்தபோது சங்கடமாக இருந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 37 முதல் 60 வயதுக்காரர்கள், செய்த ஆபரேஷனும் பெரும்பாலும் பழைய வகை, ஸ்லீவ் இல்லை. வித்தியாசமும் நூற்றுக்கு ஒருவர் சொச்சம்தான். அதை 27 வயதுப் பையனுக்கு நேராக ஒட்டவைத்துச் சொல்லக்கூடாது. செய்யாமல் இருப்பதும் ஆபத்து என்ற பேச்சில் மாற்றம் இல்லை, ஆனால் தம்பிக்கு அவசரம் இல்லை. இன்னும் இரண்டு வருடம் யோசித்தாலும் 29தான் ஆகும்.

ஜூலை 10

தேரோட்டக் கூட்டத்தில் திருநெல்வேலி டவுனில் மாட்டிக்கொண்டதால் பதில் தாமதம். ரத வீதியில் நாலு மணி நேரம் நின்றேன், கால் வலிக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் இது நடக்காது.

சாப்பாட்டைப் பற்றி நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். இதை எந்த டாக்டரும் நம் ஊர்ச் சாப்பாட்டை வைத்துச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். நாம் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிற ஆட்கள். அது போயிற்று. அண்ணாந்து ஊற்றினால் காற்றும் சேர்ந்து இறங்கி நெஞ்சில் கட்டி நிறுத்தின மாதிரி வலிக்கும். எனக்குத் தனி டம்ளர், வாய் வைத்து ஒவ்வொரு வாயாக. சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். சோற்றில் ரசத்தை ஊற்றிக் கரைத்துக் குடிப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

கூட வேலை பார்க்கிற டீச்சர் மகளுக்குக் கல்யாணம், மறுவீட்டுக்குச் சொதி. எனக்கு உயிர். தேங்காய்ப்பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் வெந்து மணக்கிறது, பக்கத்தில் இஞ்சித் துவையல். ஒரு கைப்பிடி சோற்றில் இரண்டு கரண்டி சொதி, ஐந்தாவது வாயில் நெஞ்சுக்குக் கீழே ஒரு அழுத்தம், அதோடு முடிந்தது. அந்த அழுத்தம் வந்த பிறகு ஒரு வாய் வைத்தாலும் வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறி எல்லாம் மேலே வந்துவிடும். இலையை மூடினால் பரிமாறுகிறவர் விடவில்லை. "என்ன டீச்சர், சாப்பாடு பிடிக்கலையா?" பந்தி முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. வீட்டுக்கு வந்து அழுதேன். இது முதல் வருடம். இப்போதெல்லாம் பந்தியில் உட்காருவதற்கு முன்பே பரிமாறுகிறவரிடம் போய்ச் சொல்லிவிடுவேன், அண்ணாச்சி எனக்குக் கரண்டி நுனியில் தொட்டு வையுங்கள் போதும் என்று.

தினம் 60 கிராமாவது புரதம் வேண்டும். நம் தட்டில் சோறும் தேங்காயும்தான் அதிகம், அதனால் வரிசையை மாற்றினேன். முதலில் முட்டை, பருப்பு, சாளை மீன், அப்புறம் காய், இடமிருந்தால் சோறு. உளுந்தஞ்சோற்றைக் குழைய வேகவைத்து எள்ளுத் துவையலோடு மூன்று கரண்டி, அது எனக்கு ஒத்துக்கொண்டது. புட்டு ஒத்துக்கொள்ளவில்லை. காய்ந்த கோழிக்கறி தொண்டைக்குக் கீழே நின்றுவிடும். பரோட்டா ஆகவே ஆகாது, மாவு உருண்டு அடைத்துக்கொள்ளும். பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைக்கு வாரம் மூன்று ராத்திரி போகிற பையன் என்று தனியாக எழுதியதில் சொல்லியிருந்தீர்கள், அதை இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் அல்வா தடையில்லாமல் இறங்கும். ஐஸ்கிரீம், மிக்சர், கருப்பட்டிக் காப்பி எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். 78லிருந்து 86க்கு நான் வந்தது அந்த வழியில்தான். ஒரு நாளைக்கு நாலு காப்பி, கூட ஒரு கை மிக்சர். வயிறு சின்னதாகிவிட்டால் தின்ன முடியாது என்பது சோற்றுக்குத்தான் பொருந்தும்.

ஜூலை 11

முடி பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: மூன்றாம் மாதம் கொட்ட ஆரம்பித்தது, சீப்பில் கொத்துக் கொத்தாக. ஒன்பதாம் மாதம் நின்று திரும்ப முளைத்தது. எடை வேகமாக இறங்கினால் யாருக்கும் வரும். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

கல்யாணமான இளம் பெண்களுக்கு: ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம், ஒன்றரை வருடம் கர்ப்பம் தரிக்கக்கூடாது. எடை இறங்கும்போது கரு தங்கும் வாய்ப்பு கூடும், பலருக்கு இது தெரிவதில்லை.

ஆகஸ்ட் 3

இதை எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

2022ல் எங்கள் மைனி, அண்ணன் மனைவி, ஆபரேஷன் செய்துகொண்டாள். மினி பைபாஸ் என்கிற வகை: இரைப்பையைச் சின்னப் பையாக்கி, சிறுகுடலில் ஒரு நீளத்தைத் தாண்டி இணைத்துவிடுவார்கள். செய்யச் சொன்னது நான். நான் இளைத்த ஜோரில் அம்பாசமுத்திரம் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதே பேச்சு: மைனி, செஞ்சிருங்க, மறுபிறப்பு மாதிரி இருக்கும். அவளுக்கு அப்போது 41 வயது, 109 கிலோ, சுகர் கட்டுக்குள் இல்லை. கணக்குப்படி ஆபரேஷனுக்குத் தகுதியான உடம்புதான்.

நான் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அவளுக்கு மாதவிடாய்ப் போக்கு அதிகம், ரத்த அளவு (ஹீமோகுளோபின்) ஏற்கெனவே 9.5தான். இரும்புச் சத்து உடம்பில் சேருவது சிறுகுடலின் முதல் பகுதியில். பைபாஸில் சாப்பாடு தாண்டிப்போவதும் அந்தப் பகுதியைத்தான். வெளியே போவது அதிகம், உள்ளே சேர்வது குறைவு. கடைக்குக் கணக்கு எழுதும் யாருக்கும் புரிகிற விஷயம் இது, எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் பேக்கேஜ் என்று ஒரு தொகை வாங்கினார்கள். மூன்று மாதத்துக்கு மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள். அது தீர்ந்ததும் நிறுத்திவிட்டாள். தொடர்ந்து போடணும் என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை, டயட்டீஷியன் என்று கொடுத்த நம்பரை ஆறாம் மாதம் யாரும் எடுக்கவில்லை. எடை மட்டும் அருமையாக இறங்கியது, 109லிருந்து 69. ஊரே கண்ணு வைத்தது.

2024 தீபாவளிக்கு நாங்கள் போயிருந்தோம். வாசலில் கோலப்பொடி டப்பாவோடு குனிந்தவள் அப்படியே திண்ணையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கையைப் பிடித்துப் பார்க்கிறேன், உள்ளங்கை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருக்கிறது, நகம் குழிந்து கரண்டி மாதிரி. பாதம் ஒரு வருடமாக எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது என்று அப்போதுதான் சொல்கிறாள். ரத்தம் 6.8. பி12 அடிமட்டம். மூன்று தடவை இரும்புச் சத்து ஊசி நரம்பில் ஏற்றினார்கள், பி12 ஊசி இன்றும் போகிறது. கால் எரிச்சல் முழுசாகப் போகவில்லை, போகாமலும் இருக்கலாம் என்கிறார் டாக்டர்.

நான் செய்தது ஸ்லீவ் என்பதால் எனக்கு இவ்வளவு வராது, அவள் செய்தது வேறு என்று அப்போது எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. கொரோனா சமயத்தில் நானும் எட்டு மாதம் மாத்திரையை விட்டேன், எனக்கும் பி12 இறங்கியது. நான் சீக்கிரம் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் தங்கச்சி, ஜூன் மாதம் நான் எழுதியதையெல்லாம் இதோடு சேர்த்துப் படியுங்கள். ஆபரேஷனில் உயிர் போகுமா என்றுதான் அப்பா கேட்கிறார், முதல் மாதம் தாண்டினால் அந்தப் பயம் பெரும்பாலும் தாண்டிவிடும். ஐந்தாம் வருடம் தம்பி இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி மாத்திரையெல்லாம் விழுங்கிக்கொண்டிருப்பானா, வருடா வருடம் ரத்தப் பரிசோதனைக்குப் போவானா, இல்லை அவன் மறந்தால் நினைவூட்ட வீட்டில் யார் இருப்பார்கள், இதைத்தான் நான் கேட்க வேண்டியிருந்தது. மைனியிடம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5

மைனிக்கு மேலே உள்ளதை வாசித்துக் காட்டினேன். அவளைக் கேட்காமல் அவள் கதையைப் போட்டது தவறு, முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னது:

"நீ சொல்லாட்டாலும் நான் செஞ்சிருப்பேன். ஆத்துப் படித்துறையில இறங்கி நானா ஏறி வாரேன்லா, சுகர் மாத்திரை ஒண்ணும் இல்லல்லா. அதையும் எழுது. ஆனா மாத்திரை ஆயுசுக்கும்னு ஒருத்தரும் சொல்லல, அதைப் பெருசா எழுது."

எழுதிவிட்டேன் மைனி.

அவள் இன்னொன்றும் எழுதச் சொன்னாள். விசேஷ வீட்டில் கொடுத்த அல்வாவை ஒரு விள்ளல் வாயில் போட்டு இருபது நிமிடத்தில் நெஞ்சு படபட என்று அடித்து, வேர்த்து ஊற்றி, பேதியாகி, பாயில் ஒரு மணி நேரம் கிடந்தாளாம். சர்க்கரை மொத்தமாகக் குடலில் போய் விழுந்தால் இப்படி வரும், டம்பிங் என்பார்கள். அவள் அதற்குப் பிறகு இனிப்பைத் தொடுவதில்லை. எனக்கு அந்தத் தண்டனை கிடையாது, அதனால்தான் என் எடை ஏறியது என்று அவள் சொல்கிறாள். சரியாகத்தான் சொல்கிறாள்.

செப்டம்பர் 7

எடை குறைக்க ஊசி வந்துவிட்டதே, இனி எதற்கு ஆபரேஷன் என்று இரண்டு பேர். நல்ல கேள்வி. டிர்ஸெபடைட் 2025 மார்ச்சில் இங்கே வந்தது, எடைக்கான செமாகுளுடைட் ஜூனில். வாரம் ஒரு ஊசி. பெரிய ஆய்வுகளில் செமாகுளுடைடில் சராசரி 15 சதவீதம், டிர்ஸெபடைடின் கூடுதல் அளவில் 20 சதவீதம் வரை எடை இறங்கியது. ஆபரேஷனில் 25 முதல் 30. எனக்கு இப்போது நிற்பது 27 சதவீதம். ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. டிர்ஸெபடைட் வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். மாதம் நாலு குப்பி என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், எத்தனை வருடத்துக்கு என்றும் பெருக்குங்கள்.

இருந்தாலும் உங்கள் தம்பி வயதில் எனக்கு இது கிடைத்திருந்தால் முதலில் இதைத்தான் பார்த்திருப்பேன். ஊசியை நிறுத்தலாம். வெட்டிய இரைப்பையை ஒட்டவைக்க முடியாது. ஜிம்மில் யாரோ தருகிறார்கள் என்று வாங்கிப் போடாதீர்கள், டாக்டர் பார்த்துத்தான் அளவைக் கூட்ட வேண்டும்.

செப்டம்பர் 21

இன்சூரன்ஸ்: பிஎம்ஐ 40க்கு மேல், அல்லது 35க்கு மேலிருந்து கட்டுக்கடங்காத சுகர், கடுமையான தூக்க மூச்சடைப்பு, இதய நோய் போன்றவை இருந்தால், மற்ற வழிகளில் முயன்று பலிக்கவில்லை என்றும் இருந்தால்தான் பாலிசியில் வரும். தம்பிக்கு 44 வருகிறது. பாலிசி எடுத்து எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எனக்கு 2019ல் 3 லட்சத்து 40 ஆயிரம் ஆனது, வளையலை வைத்துக் கட்டினேன்.

டாக்டர்கள் தகுதி பார்க்கும் அளவுகோல் இதைவிடத் தாராளம். 2022ல் உலக அளவில் திருத்தியபோது பிஎம்ஐ 35 என்றாலே பரிந்துரைக்கலாம் என்றும், ஆசிய உடம்புக்கு 27.5லிருந்தே யோசிக்கலாம் என்றும் வைத்தார்கள். தகுதி இருக்கிறது என்பதற்காகச் செய்துகொள்ள வேண்டும் என்று இல்லை, மைனிக்கும் தகுதி இருந்தது.

டாக்டரிடம் போனால் கேட்க வேண்டியது: வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், கசிவு வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு இங்கே யார் இருப்பார்கள், மூன்றாம் வருடம் என்னை யார் கூப்பிடுவார்கள். கடைசிக் கேள்விக்கு அவர் முகத்தைப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன்பே எண்டோஸ்கோப்பி எடுக்கச் சொல்லுங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது, தலையணை இரண்டு வைத்துப் படுக்கிறேன்.

அக்டோபர் 12

தம்பியே எழுதிவிட்டான். நாலு மாதமாக நான் எதிர்பார்த்த ஆள். அவன் எழுதியதை அவன் சம்மதத்தோடு இங்கே எடுத்துப் போடுகிறேன்:

"பொண்ணு பாக்கறதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். குற்றாலம் எங்க வீட்லேருந்து பக்கம். ஆறு சீசனா அருவில குளிக்கல. கூட்டாளிங்க எல்லாம் போவாங்க, நானும் போவேன், அவங்க துணிக்கும் போனுக்கும் காவலா வெளிய நிப்பேன். சட்டையக் கழட்ட முடியல. ராத்திரி கொறட்டைல அப்பா வேற ரூமுக்குப் போயிட்டாரு. பைக்ல போகும்போது சிக்னல்ல கண்ணு சொருவுது."

தம்பி, இதைப் படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முதலில் கடைசி வரி. ஆபரேஷன், ஊசி எல்லாம் அப்புறம். இந்த வாரமே தூக்கப் பரிசோதனை. எடுக்கும் வரை பைக் வேண்டாம், பஸ்ஸில் போ. ஈரடுக்குப் பாலத்தில் எனக்கு ஹாரன் அடித்த டிரைவர் உனக்கும் கிடைப்பார் என்று இருக்காதே.

அருவி. உண்மையைச் சொல்கிறேன், நாற்பது கிலோ இறங்கினால் தோல் தொங்கும். என் மேல்கையும் அடிவயிறும் அப்படித்தான், உடற்பயிற்சியில் போகாது, தனி ஆபரேஷன்தான். சட்டையைக் கழட்டும்போது அப்போதும் ஒரு கூச்சம் இருக்கும். உனக்கு 27 என்பதால் தோல் என்னைவிடச் சுருங்கலாம். அதற்காகக் காத்திருக்காதே. பழைய குற்றாலத்தில் காலையில் குளிக்க விட்டதும் போனால் கூட்டம் இருக்காது, வயசானவர்கள் நாலு பேர் நிற்பார்கள், யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். சட்டையோடு நின்றால் கூட யாரும் கேட்க மாட்டார்கள். 118 கிலோவில் நான் சேலையோடு நின்றிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும், கோபப்படாதே. குடி உண்டா? கூட்டாளிகள் என்றாய், அதனால் கேட்கிறேன். பைபாஸுக்குப் பிறகு சாராயம் வேகமாக ரத்தத்தில் ஏறும், இரண்டு கிளாஸ் நாலு கிளாஸ் வேலை செய்யும். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டாம் வருடத்தில் குடிப் பிரச்சினை கூடுகிறது என்று அமெரிக்காவில் 2012ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலை வேறெங்கோ தேடுகிறோம் என்று நினைக்கிறேன். எனக்கு அது புடவைக் கடையாகப் போனது. உனக்கு எது என்று முன்பே யோசி.

அக்டோபர் 13

எப்போதாவது சனிக்கிழமை மட்டும் என்று பதில் போட்டிருக்கிறான். டாக்டரிடமும் அதையே மறைக்காமல் சொல்லச் சொன்னேன்.

அவன் அம்மாவும் அதே நம்பரிலிருந்து பேசினாள். "நான் அவன் நல்லதுக்குத்தான சொல்லுதேன்" என்றாள். ஆமாம் அக்கா, எனக்குச் சங்கில் புகட்டுகிற மாதிரி என்று அழுத அம்மாவும் நல்லதுக்குத்தான் சொன்னாள். நீங்கள் அவனுக்காகத் தையை விட்டுக்கொடுங்கள் என்றேன். விடுகிறேன் என்று சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்றாள்.

நவம்பர் 9

வந்த செய்திகள். தம்பிக்குத் தூக்க மூச்சடைப்பு கடுமையாக இருக்கிறது, சிபாப் மாட்டிக்கொண்டு தூங்குகிறான், அப்பா பழைய அறைக்கே திரும்பிவிட்டார். தை கைவிடப்பட்டது. சுகர் டாக்டரிடம் போய் ஊசி ஆரம்பித்திருக்கிறான், ஆறு மாதம் பார்த்துவிட்டு, போதாவிட்டால் ஆபரேஷன் என்று முடிவு. நான் சொல்லியிருக்கக்கூடிய முடிவுதான், ஆனால் அவனே எடுத்தது.

என் செய்தி: நெஞ்செரிச்சலுக்கு எண்டோஸ்கோப்பி எடுத்தேன். உணவுக்குழாயின் அடியில் புண். மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், அடங்காவிட்டால் ஸ்லீவை பைபாஸாக மாற்ற வேண்டியிருக்கும் என்று ஒரு பேச்சு. மறுபடி அந்த மூடி, மறுபடி நாடி எண்ணுவது. மைனியின் உள்ளங்கை ஞாபகம் வருகிறது. அவசரப்படப் போவதில்லை.

டிசம்பர் முதல் சனிக்கிழமை எனக்கும் மைனிக்கும் ரத்தப் பரிசோதனை, அவள் அம்பாசமுத்திரத்திலிருந்து காலை பஸ்ஸில் வருகிறாள், வெறும் வயிற்றோடு.

தங்கச்சி, தம்பியின் ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். அதில் ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்புக் கையிருப்பு) பி12ம் இல்லை. ஊசியோ கத்தியோ, எடை இறங்க ஆரம்பிக்கும் முன் அவை எங்கே நின்றன என்று தெரிய வேண்டும். அடுத்த தடவை எழுதி வாங்கச் சொல்லுங்கள்.